வெள்ளைக் கோட்டின் மேல் ஒரு சிவப்புக் கோடு

பெட்ரோல் காருக்கு ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை எஞ்சின் ஆயில் மாற்ற வேண்டும் என்று சொல்கிற ஆள் நான். கம்பெனி கொடுக்கிற புத்தகத்தில் பத்தாயிரம் அல்லது ஒரு வருஷம், எது முதலில் வருகிறதோ அது என்று போட்டிருப்பார்கள். அந்தப் புத்தகத்தை எழுதியவர் கும்மிடிப்பூண்டியில் கார் ஓட்டியவர் இல்லை. இங்கே காலை ஷிப்ட் நேரத்தில் சிப்காட் பக்கம் போனால் லாரிகளுக்குப் பின்னால் முக்கால் மணி நேரம் எஞ்சின் சும்மா ஓடிக்கொண்டு நிற்கும். மீட்டரில் அரை கிலோமீட்டர்கூட ஏறாது, ஆயில் மட்டும் வெந்துகொண்டிருக்கும். தூசி வேறு. அதனால்தான் ஐயாயிரம். அவ்வளவு ஓடாத வண்டி என்றால் ஆறு மாதம். இந்த விஷயத்தில் நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

இதை முதலில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது இன்ஸ்பெக்டர் சார். சந்திரமோகன் இறந்த விபத்து தொடர்பாக நேற்று நீங்கள் என்னிடம் கையெழுத்துக் கேட்ட தாளில், "வயது மூப்பு மற்றும் பார்வைக் குறைவால் ஆயில் போல்ட்டைச் சரியாக முறுக்க மறந்துவிட்டேன்" என்று இருந்தது. ஏட்டு மேரி மேடம் நல்ல மனதோடுதான் எழுதியிருக்கிறார். என் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொல்லவும் சொன்னார்.

"கையெழுத்து போட்டுட்டு ஊட்டுக்குப் போ நைனா. ஜாமீன் கெடைக்கிற கேஸ்தான். நீ இன்னா, வேணும்னேவா செஞ்ச?"

நான் கையெழுத்துப் போடவில்லை. வெள்ளைத் தாள் கேட்டேன். நீங்கள் பத்துத் தாள் கொடுத்தீர்கள். இவ்வளவு தேவைப்படாது.

என் பெயர் ராஜமாணிக்கம். வயது ஐம்பத்தெட்டு. முப்பத்தொரு வருஷமாக மெக்கானிக். ரயில்வே கேட்டுக்குப் போகிற வழியில் தகரக் கூரை போட்ட கடை என்னுடையது. நான் ஆயில் மாற்றுகிற விதம் இதுதான். எஞ்சினைக் கொஞ்சம் சூடாக்கி, அடிச்சட்டியில் இருக்கிற போல்ட்டைக் கழற்றிவிட்டு, கடைசிச் சொட்டு விழுகிறவரை காத்திருப்பேன். மற்றவர்கள் ஐந்து நிமிஷத்தில் மூடிவிடுவார்கள். எனக்குக் கால் மணி நேரம் ஆகும். பிறகு புது வாஷர் போட்டு போல்ட்டை முறுக்கி, அதன் தலையிலிருந்து சட்டி வரைக்கும் குறுக்கே வெள்ளைப் பெயிண்ட்டில் ஒரு கோடு இழுப்பேன். போல்ட் ஒரு நூல் அசைந்தாலும் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். கடைசியில் தேதியையும் கிலோமீட்டரையும் ஓர் அட்டையில் எழுதி ஸ்டீயரிங் பக்கத்தில் கட்டித் தொங்கவிடுவேன். அட்டை வண்டிக்காரருக்கு. வெள்ளைக் கோடு எனக்கு.

சந்திரமோகனும் நானும் ஒரே வகுப்பு. அவன் வீட்டு நெல் வயலில்தான் என் அப்பாவும் அம்மாவும் கூலி வேலை செய்தார்கள். சின்ன வயதில் அவனோடு விளையாடிவிட்டு அவன் வீட்டு வாசலில் தண்ணீர் கேட்டால் கொடுப்பார்கள். குறை சொல்ல முடியாது. நான் போன பிறகு அந்த டம்ளரைப் புளி போட்டுத் தேய்த்து வெயிலில் கவிழ்த்து வைப்பார்கள். ஒருநாள் திரும்பி வந்தபோது அதை நான் பார்த்துவிட்டேன். நான் பார்த்ததை மோகனும் பார்த்தான். மறுநாளிலிருந்து அவன் தன் வீட்டு டம்ளரில் தண்ணீர் குடிப்பதையே விட்டான், கையைக் குவித்துக்கொண்டு சொம்பிலிருந்து குடித்தான். பத்து வயதுப் பையன் அப்படிச் செய்தான். என் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டான். அவர்கள் தெருவிலிருந்து எங்கள் வீட்டில் கை நனைத்த முதல் ஆள் அவன்தான். அவன் அப்பா ஒரு மாதம் அவனோடு பேசவில்லை. இதையெல்லாம் நான் மறந்துவிட்டவன் இல்லை சார்.

பின்னால் அவன் ஒரு உருக்காலையில் சூப்பர்வைசர் ஆனான். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் அந்த வெள்ளைக் காரை வாங்கியபோது சாவியை முதலில் என் கையில்தான் கொடுத்தான். நாலு மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் கொண்டுவருவான். ஆயில் வடிகிற கால் மணி நேரமும் ஸ்டூலில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவான். டீ மட்டும் குடிக்கமாட்டான். பள்ளிக்கூட நாளில் மஞ்சள் காமாலை வந்ததிலிருந்து டீயும் காப்பியும் அவனுக்கு ஆகாது, வாசனை வந்தாலே நகர்ந்துகொள்வான். அதனால் அவன் வருகிற நாளில் என் மனைவி ஞானம்மா ஒரு சொம்பு மோர் கலந்து கொடுத்தனுப்புவாள்.

இனி அந்த வேன் விஷயம். பூவராகவன் சொல்லி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள், நானும் சொல்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன் அவன் ஓட்டுகிற பள்ளிக்கூட வேனுக்கு ஆயில் மாற்றினேன். பழைய ஃபில்டரைக் கழற்றும்போது அதன் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது. கறுப்பின் மேல் கறுப்பு, நான் கவனிக்கவில்லை. அதன் மேலேயே புது ஃபில்டரைப் புது வளையத்தோடு முறுக்கிவிட்டேன். இரண்டு வளையம் ஒன்றின்மேல் ஒன்று நிற்காது, அழுத்தம் ஏறியதும் பிதுங்கிவிடும். மறுநாள் காலை ரயில்வே கேட்டருகே ஆயில் முழுவதும் கொட்டி, வேன் ஒன்பது பிள்ளைகளோடு நின்றுவிட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. முப்பத்தொரு வருஷத்தில் அந்த ஒன்றுதான்.

பூவராகவன் நடுத்தெருவில் நின்று என்னைக் குருடன் என்று கத்தினான். அதன்பிறகு பாதிப் பேர் கடைப்பக்கம் வரவில்லை. கண் முகாமில் இடது கண்ணில் புரை என்று சொன்னார்கள். ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தார்கள், நான் போகவில்லை. போனால் பூவராகவன் சொன்னது சரி என்று ஆகிவிடும் என்று அப்போது நினைத்தேன். பூவராகவன் கத்திய அன்று சாயங்காலம் மோகன்தான் கடைக்கு வந்தான்.

"வுடு மாணிக்கம். யார் கையிலதான் தப்பு நடக்கல? எவன் வராட்டியும் போறான். என் வண்டிய உன் கைய வுட்டா வேற எவன் கையிலயும் குடுக்க மாட்டேன், தெரிஞ்சிக்கோ."

இரண்டு வருஷம் அந்த வார்த்தையை வைத்துக்கொண்டுதான் நான் கடை திறந்தேன்.

போன பங்குனியில் அவன் வண்டி வந்தது. டார்ச்சோடு அடியில் படுத்தேன். என் வெள்ளைக் கோடு விலகியிருந்தது. யாரோ போல்ட்டை இன்னும் ஒரு நூல் முறுக்கியிருந்தார்கள். அதன் மேல் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு இருந்தது. நேராக, மெல்லிசாக, நல்ல கையால் இழுத்த கோடு.  மண் உதிர்ந்து கண்ணில் விழுந்தது. அதைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

"மோகன், வண்டிய நடுவுல எங்கனா காட்னியா?"

"இல்லியே. உன்ன வுட்டா நான் யார்கிட்ட காட்டப்போறேன்? இன்னா, எதுனா பிராப்ளமா?"

"ஒண்ணும் இல்ல. சும்மா கேட்டேன்."

அவன் மீசையில் மோர் ஒட்டியிருந்தது. என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னான். தடுமாறவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பொய் சொல்லிப் பழகிய வாய்தான் அப்படித் தடுமாறாமல் சொல்லும். வேலையை ஒழுங்காக முடித்து, கோடு இழுத்து, அட்டை எழுதிக் கொடுத்தேன். அவன் கிளம்பியதும் பைக்கை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன்.

அவன் வீட்டுக்குப் போகவில்லை. ஏழு கிலோமீட்டர் தள்ளி, கவரைப்பேட்டைக்கு முன்னால் சர்வீஸ் ரோட்டில் அன்புராஜ் என்பவன் புதிதாகக் கடை போட்டிருக்கிறான். வண்டியைத் தூக்குகிற லிஃப்ட், கம்ப்யூட்டர், சோறு போட்டுச் சாப்பிடலாம் போலிருக்கிற தரை. அவன் கடையை ஒட்டி ஒரு டீக்கடை இருக்கிறது. அங்கே பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். கார் மேலே போனது. அன்புராஜ் நீளமான ஸ்பேனரை வைத்து என் போல்ட்டை அழுத்திப் பார்த்தான். ஃபில்டரைத் தடவிப் பார்த்தான். பிறகு சிவப்புப் பேனாவை எடுத்தான். மோகன் கீழே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அண்ணாந்து நின்றான். அன்புராஜ் ஏதோ சொல்ல, தலையாட்டினான். நான் இரண்டு டீ குடித்தேன்.

அப்போது எனக்கு அந்த டம்ளர்தான் ஞாபகம் வந்தது. நான் போன பிறகு, நான் பார்க்கமாட்டேன் என்ற தைரியத்தில், என் கை பட்டதைத் தேய்த்துக் கவிழ்க்கிறார்கள். இந்த முறை தேய்த்தவன் மோகன்.

 வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. மற்றவர்கள் என்னை விட்டுப் போனார்கள், நான் அவர்களை ஒரு வார்த்தை சொன்னதில்லை. போகிறவன் முதுகைக் காட்டிவிட்டுப் போகிறான், அதில் ஒரு நேர்மை இருக்கிறது. இவனும் அப்படிப் போயிருக்கலாம். அல்லது முகத்துக்கு நேராக, "மாணிக்கம், உன் கண்ணு சரியில்ல, போய்க் காட்டு" என்று சொல்லியிருக்கலாம். நான் ஒரு வாரம் கத்தியிருப்பேன், பிறகு ஆபரேஷனுக்குப் போயிருப்பேன். அவன் போகவும் இல்லை, சொல்லவும் இல்லை. என் ஸ்டூலில் உட்கார்ந்து என் வீட்டு மோரைக் குடித்துவிட்டு, நேராக அங்கே போயிருக்கிறான்.

நாலு மாதம் யோசித்தேன். எனக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டியிருந்தது. அவன் என்னை நம்புகிறானா, இல்லையா. வாயால் கேட்டால் பொய் சொல்வான் என்று தெரிந்துவிட்டது. பொய் சொல்ல முடியாத விதத்தில் கேட்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவன் மகள் பூமிகா போன வருஷம் காய்ச்சல் கண்டு பிழைத்தாள் என்று பெரியபாளையத்து அம்மனுக்கு வேப்பிலை கட்டுகிற வேண்டுதல் இருந்தது. மோகன் மனைவி அருணாவும் உறவுக்காரர்களும் சனிக்கிழமையே பொங்கல் பானையோடு வேனில் போய்க் கோயில் பக்கம் தங்கிவிட்டார்கள். மோகனுக்குச் சனிக்கிழமை ஷிப்ட். அதனால் அவனும் பூமிகாவும் மறுநாள் காரில் போவதாக ஏற்பாடு. போகிற வழியில் ஆயிலை மாற்றிவிடலாம் என்று போனில் சொன்னான். ஐயாயிரம் முடிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை நான் கடை திறப்பதில்லை. அவனுக்காகச் சர்ச் ஆராதனையை விட்டுவிட்டு ஆறு மணிக்குத் திறந்தேன்.

பூமிகா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிற பெண்.

"எவ்ளோ நேரம் ஆவும் மாமா? அம்மா அங்க வெயிட் பண்ணிக்கினு கீறாங்க."

"அரை மணி நேரம்மா. அம்மன் எங்கயும் போயிட மாட்டாங்க."

அவள் சிரித்தாள். மோகன் மோர் குடித்தான். நான் வேலையைத் தொடங்கினேன். அன்றும் கடைசிச் சொட்டு வரை வடியவிட்டேன். பழைய ஃபில்டரின் வளையம் கையோடு வந்துவிட்டதா என்று இரண்டு முறை விரல் விட்டுத் தடவிப் பார்த்தேன். அளவு பார்த்துப் புது ஆயில் ஊற்றினேன். நல்ல ஆயில்தான். இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம், அன்று என் கண்ணும் கையும் நன்றாகவே வேலை செய்தன என்பது பதிவாக வேண்டும். போல்ட்டை மட்டும் விரலால் இரண்டு சுற்று ஏற்றிவிட்டு நிறுத்திக்கொண்டேன். ஸ்பேனர் வைக்கவில்லை. கோடு இழுக்கவில்லை. செய்யாத வேலைக்கு நான் கோடு இழுக்கமாட்டேன்.

இன்னொன்றும் செய்தேன். ஆயில் இறங்கினால் டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரியும். அதற்குப் போகிற ஒயரைக் கழற்றி உள்ளே செருகிவிட்டேன். இதைப் பற்றி நீங்கள் கேட்பீர்கள் என்று தெரியும். விளக்கு எரிந்திருந்தால் அவன் ஓரம் கட்டியிருப்பான். பன்னிரண்டு வருஷமாக நான்தான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன், சிவப்பு விளக்கு எரிந்தால் எஞ்சினை அணைத்துவிட்டுத்தான் மறுவேலை என்று. அப்படி நின்றிருந்தால் அவன் நம்பியது என்னையா அந்த விளக்கையா என்று எனக்குத் தெரியாமலே போயிருக்கும்.

கிளம்பும்போது பூமிகாவிடம் பெல்ட் போடச் சொன்னேன். அவள் ஜன்னலைத் திறந்துகொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். நான் இரண்டாவது முறை சொன்ன பிறகுதான் போட்டாள். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். காலில் மட்டும்தான் அடி, பொங்கலுக்குள் நடந்துவிடுவாள் என்று டாக்டர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன்.

நான் வழியை அடைக்கவில்லை சார். பெரியபாளையம் போக புதுவாயலில் திரும்ப வேண்டும். அதற்கு முன்னால் வழியிலேயே அன்புராஜின் கடை இருக்கிறது. ஞாயிறு மதியம் வரை உண்டு என்று போர்டு தொங்குகிறது, நானே படித்திருக்கிறேன். எப்போதும்போல மோகன் அங்கே போயிருந்தால், ஸ்பேனர் பட்ட முதல் நொடியில் விஷயம் வெளியாகியிருக்கும். அவன் உயிரோடு இருந்திருப்பான். அவன் யார் என்று எனக்கும், நான் யார் என்று அவனுக்கும் தெரிந்திருக்கும். போகவில்லை என்றால் என்னை நம்புகிறான் என்று அர்த்தம். இரண்டில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பது அவன் கையில்தான் இருந்தது. இதைவிட நியாயமாக எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

கவரைப்பேட்டை தாண்டி போல்ட் விழுந்திருக்கிறது. உங்கள் ஆட்கள் அதைத் தேடி எடுத்துவிட்டார்கள். ஆயில் இல்லாத எஞ்சின் அந்த வேகத்தில் கொஞ்ச தூரம்தான் ஓடும், பிறகு இறுகிவிடும். அதோடு முன் சக்கரமும் இறுகிவிடும். பின்னால் இரும்புச் சுருள் ஏற்றிய டிரெய்லர் வந்தது. டிரைவர் மேல் தப்பு இல்லை, அவரை விட்டுவிடுங்கள்.

சாவுக்கு நான் போனேன். போகாமல் எப்படி இருப்பது. அங்கேதான் எனக்கு எல்லாம் கெட்டுப்போனது. யாரும் என்னைத் திட்டவில்லை. "பாவம், கண்ணு தெரியாத மனுசன்" என்று என் காது கேட்கச் சொன்னார்கள். பூவராகவன் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு, "அந்த ஆளு கையில இனிமே ஸ்பேனர குடுக்காதீங்கப்பா, நான் அன்னிக்கே சொன்னேன்ல" என்றான். நான் நிமிர்ந்து நின்றேன். அவர்கள் நான் துக்கத்தில் வாயடைத்துப்போயிருக்கிறேன் என்று நினைத்தார்கள்.

அருணா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க வேணும்னு செய்யல அண்ணா, எனக்குத் தெரியும். எல்லாம் என்னாலதான். அந்த வேன் விசயத்துக்கு அப்பறம், ஒவ்வொரு வாட்டியும் இன்னொரு கடையில காட்டிட்டுத்தான் பாப்பாவ வண்டில ஏத்தணும்னு நாந்தான் அவராண்ட சத்தியம் வாங்கினேன். அவரு வேணாம்னாரு. மாணிக்கத்துக்குத் தெரிஞ்சா மனசு ஒடஞ்சிடும், அவன் கடையவே மூடிடுவான்னாரு."

அவள் சொன்னதை நான் பொறுமையாக யோசித்துப் பார்த்தேன். மனைவிக்குச் செய்த சத்தியம் பெரியதுதான். ஆனால் என்மேல் இரக்கப்படச் சொல்லி நான் யாரையும் கேட்கவில்லை. எனக்குத் தெரியாமல் எனக்கு இரக்கம் காட்டுவதற்கும் நான் போன பிறகு டம்ளர் தேய்ப்பதற்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

ஆகவே சார், மேரி மேடம் எழுதிய தாளைக் கிழித்துவிடுங்கள். மறதி இல்லை. கவனக்குறைவு இல்லை. கண் காரணம் இல்லை. சந்திரமோகனின் வண்டியில் போல்ட்டைத் தெரிந்தேதான் முறுக்காமல் விட்டேன், ஒயரைத் தெரிந்தேதான் கழற்றினேன், அவன் சாகலாம் என்று தெரிந்துதான் அனுப்பினேன். அவன் மகள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதும் தெரியும். நான் ஒரு மோசமான மெக்கானிக் என்று மட்டும் எந்தத் தாளிலும் எழுதாதீர்கள்.

கடைசியாக, இன்று காலை நீங்கள் கம்ப்யூட்டரில் காட்டிய படம் பற்றி. அன்புராஜ் கடை வாசல் கேமராவில் பதிவானது. அந்த ஒரு ஞாயிறு மட்டும் அவன் கடை திறக்கவில்லை, அவனும் குடும்பத்தோடு பெரியபாளையம் போயிருந்தான் என்று சொன்னீர்கள். படத்தில் ஷட்டர் பூட்டியிருக்கிறது. ஆறு ஐம்பதுக்கு வெள்ளைக் கார் வந்து நிற்கிறது. மோகன் இறங்குகிறான். ஷட்டருக்கு எதிரே நின்று ரோட்டை இப்படியும் அப்படியும் பார்க்கிறான். வாட்சைப் பார்க்கிறான். பூமிகா ஜன்னல் வழியாகக் கூப்பிடுகிறாள். ஏழு நிமிஷம் கழித்து ஏறிப் போகிறான். இதற்கு நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டீர்கள். 

இப்போது நன்றாக யோசித்துவிட்டேன். மோகன் அன்புராஜைத் தேடி அங்கே நிற்கவில்லை. அன்று ஒருநாள் அவன் என்னை முழுசாக நம்பினான். அந்த நம்பிக்கையோடுதான் செத்தான், அது எனக்குப் போதும். அந்த இடத்தில் பக்கத்திலேயே ஒரு டீக்கடை இருக்கிறது சார். அவன் டீ குடிக்க நின்றிருப்பான்.